கையெழுத்துப் போட வேண்டிய இடம்

பிப்ரவரி 6, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்ததில் தலைவலி.

சிறையில் இருப்பவர்களுக்கும் வெளியே வந்தவர்களுக்கும் வேலை செய்கிற சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்களுக்குத் துணை நிற்பதுதான் எங்கள் கூட்டமைப்பின் வேலை. துணை நிற்பது என்றால் அவர்களுக்குக் கணக்கு எழுதித் தருவது, விண்ணப்பம் நிரப்பித் தருவது, அதிகாரிகள் முன்னால் அவர்களுக்கும் சேர்த்து நான் சிரிப்பது. இந்த முறை எனக்கு விழுந்திருப்பது ‘மறுவாசல்’. பெண்கள் சிறைக்குள் புதன்கிழமைதோறும் போய்வர இவர்களுக்கு அனுமதி இருக்கிறது. அது மார்ச்சில் முடிகிறது. புதுப்பித்துக் கொடுத்துவிட்டு வந்தால் என் வேலையை நிரந்தரமாக்குவதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். அதற்காக ஒன்றும் நான் இதைச் செய்யவில்லை.

சிறையிலிருந்து வந்தவர்கள் தங்க ஒரு வீடும் வைத்திருக்கிறார்கள், எனக்கும் அங்கேதான் அறை. நடத்துகிறவர் ராசாமணி அக்கா. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் வீட்டின் சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

“இங்க பாருங்க பிரமிளா, எந்தப் பொண்ணுகிட்டயும் என்ன கேஸுன்னு கேக்கக் கூடாது. கேஸ் காயிதம் ஒண்ணுகூட வாசப்படி தாண்டி வரக் கூடாது. எல்லாம் வக்கீல் ஆபீஸ்லயே கெடக்கட்டும். உள்ள இருக்கறப்ப அவளுக வெறும் காயிதமாத்தான் இருந்தாளுக. இங்கயாச்சும் பொம்பளையா இருக்கட்டும்.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோப்புகளை ஒழுங்குபடுத்த வந்தவள் எதை ஒழுங்குபடுத்துவது?

மாலையில் மைனாவதி என்ற பெண்ணை ஜாமீனில் அழைத்து வந்தோம். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஜாமீன் கையெழுத்து ராசாமணி அக்காதான் போட்டிருக்கிறார். தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் மைனாவதி கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. நானே கூட்டிப் போகிறேன் என்று அக்கா நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிளம்பும்போது இலவச சட்ட உதவி வக்கீல் இஸ்மாயில் என்னிடம் ஒரு கவரை நீட்டினார். “ஆர்டர் காப்பி மேடம். அக்கா வாங்க மாட்டாங்க. நீங்களாவது வச்சுக்குங்க.”

பைக்குள் போட்டுக்கொண்டேன். பை வீட்டுக்குள் வந்தது. அதை அக்காவிடம் சொல்லி வம்பை வளர்ப்பானேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. நாள் முழுக்க ரசீதுகள். ஒரு வருட ரசீதுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, வியாழன்

மகளிர் காவல் நிலையம் எங்கள் தெருக்கோடியிலேயே இருக்கிறது. “நம்ம பொண்ணுக எல்லாருக்கும் அங்கதான்” என்று முதல் நாளே அக்கா சொல்லிவிட்டார். இன்று அக்காவுக்கு முட்டிவலி. நான் கூட்டிப் போனேன்.

மைனாவதி கையெழுத்துப் போடக் கல்யாணத்துக்குப் போகிறவள் போலக் கிளம்புகிறாள். முகம் கழுவிப் பவுடர் போட்டு, கொஞ்சம் கனகாம்பரம் வைத்துக்கொண்டு. “போலீஸுக்கு எதுக்கும்மா இவ்வளவு?” என்று கேட்டேன்.

“அழுக்கா போனா அப்பிடியேதானுங்க்கா பாப்பாங்க” என்றாள்.

ஸ்டேஷனில் ஏட்டம்மா தலையைத் தூக்காமல் ஒரு நோட்டைத் தள்ளினார். மைனாவதி நாக்கைக் கடித்துக்கொண்டு பெயரை எழுதினாள். சிறைக்குள் அக்காவிடம் கற்றுக்கொண்ட எழுத்தாம். திரும்பி வரும்போது தெருவில் அவள் நடை மாறிவிட்டது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த காட்சிகள் அதிகம் இல்லை. இது பிடித்தது.

பிப்ரவரி 14, செவ்வாய்

மைனாவதியின் மகள் கனிஷ்கா வந்துவிட்டாள். மூன்றாம் வகுப்பு. இதுவரை சித்தி வீட்டில் இருந்தாள். சித்திக்கும் மூன்று பிள்ளைகள், கோழிக்கூண்டு மாதிரி வீடு. அக்கா இங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டார். மைனாவதிக்கும் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக ஷிப்டுக்குப் போகிறாள்.

கனிஷ்கா என்னோடு ஒட்டிக்கொண்டாள். ஒன்பது வயதுக்கு வாய் பத்தாத பிள்ளை, ஆனால் என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் போலவே “ரசீது எங்கே?” என்கிறாள். சட்டைக் கை மேலேறியபோது முழங்கைக்கு மேல் வரிசையாகத் தழும்புகளைப் பார்த்தேன். வட்ட வட்டமாக. யாரும் விழுந்து வருகிற தழும்பு இல்லை. கேட்கவில்லை. வீட்டின் சட்டம்.

தெருவில் ஒரு புல்லட் போனபோது எழுந்து போய்ப் பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மைனாவதி போய்க் கூட்டி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். “உங்கப்பன் வண்டி இல்ல சாமி, அது வேற.” பிறகு என்னிடம் சொன்னாள்:

“மாமியா ஒருக்கா சித்தி வூட்டுக்கே வந்து புள்ளைய இழுத்துட்டுப் போகப் பாத்துச்சுங்க்கா. நான் வெளிய இருந்தா வர மாட்டாங்க. இவளுக்காகத்தானுங்க்கா நான் ஜாமீனே கேட்டேன். இல்லாட்டி எனக்கென்ன, உள்ள நேரத்துக்குச் சோறு போடறாங்க.”

பிப்ரவரி 17, வெள்ளி

விண்ணப்பம் முடிந்தது. ஆறு இணைப்புகள். என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு பில்டர் காபி.

பிப்ரவரி 20, திங்கள்

மதியம் இஸ்மாயில் போன் செய்தார். காரைவலசு காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை போயிருக்கிறது. மைனாவதி ஒரு நாள்கூட அங்கே கையெழுத்துப் போடவில்லையாம். ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு. விசாரணை வருகிற திங்கள்.

“காரைவலசா? அவ தினமும் இங்க மகளிர் ஸ்டேஷன்ல போடறாளே சார்.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம். “ஆர்டர்ல காரைவலசுன்னு இருக்கு மேடம். வழக்கு அங்கதானே பதிவாச்சு. கவர் குடுத்தேனே?”

கவர் பையில்தான் இருந்தது. ஒட்டியது ஒட்டியபடி. கிழித்துப் படித்தேன். மூன்றாவது வரியிலேயே இருக்கிறது.

இதுவரை இங்கே வந்த பெண்களுக்கெல்லாம் மகளிர் நிலையமாகவே இருந்ததால் அக்கா கேட்காமலேயே அங்கே கூட்டிப் போயிருக்கிறார். காகிதம் வீட்டுக்குள் வராத வீட்டில் யார் படித்துப் பார்ப்பது? அக்காவிடம் இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, “அட கருமமே, நானே கொண்டு போய்க் கெடுத்துப்போட்டனே” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

கவர் என்னிடம் இருந்ததைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது எதற்கு.

பிப்ரவரி 21, செவ்வாய்

இஸ்மாயில் அலுவலகம். நான், அக்கா.

அவர் சொன்ன வழி சுலபமானது. “தப்பான ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனது நாங்க, அந்தப் பொண்ணு மேல குற்றம் இல்லைன்னு மறுவாசல் சார்பா ஒரு அஃபிடவிட் போட்டுடுங்க. ஜட்ஜ் உங்களைத் திட்டுவார். அவளை விட்டுடுவார்.”

அக்கா பேனாவை எடுத்துவிட்டார். நான்தான் நிறுத்தினேன். சிறை அனுமதிக்கான குழு இந்த வாரம் கூடுகிறது. நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்ததையே ஒழுங்காகச் செய்யத் தெரியாத நிறுவனம் என்று அவர்கள் கையில் நாமே காகிதம் கொடுத்தால் அனுமதி அவ்வளவுதான். உள்ளே நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். புதன்கிழமை அக்கா வந்தால்தான் அவர்களில் பாதிப் பேருக்கு வக்கீல் யாரென்றே தெரியவரும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அப்போதுதான், உடம்பு சரியில்லாமல் போக முடியவில்லை என்று மைனாவதியே சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. பெண், குழந்தை வைத்திருக்கிறவள், முதல் தடவை. எச்சரித்து விட்டுவிடுவார்கள். யோசனை யார் சொன்னது என்று இப்போது சரியாக நினைவில்லை.

இஸ்மாயில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் கட்சிக்காரி என்ன சொல்லச் சொல்றாங்களோ அதைத்தான் நான் சொல்ல முடியும் மேடம். அவங்ககிட்ட நீங்களே பேசிக்கங்க. ஆனா எச்சரிக்கையோட விடுவாங்கன்னு நான் சொல்லலை.”

வரும் வழியில் பேருந்தில் அக்கா என் பக்கத்தில் உட்காராமல் வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 22, புதன்

பேசாமல் இருந்துவிட முடியாதே, மகளிர் நிலையத்துக்குப் போனேன். இவள் தினமும் வந்தாள் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்றேன். ஏட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அது வந்து போறவங்க எழுதற நோட்டுங்க. எங்க கேஸே இல்ல, நான் என்னன்னு எழுதித் தர்றது? நாளைக்கு எங்களைத்தான கேப்பாங்க.”

இத்தனை நாளும் நோட்டைத் தள்ளினீர்களே, ஒரு நாளாவது எந்த வழக்கு என்று கேட்டிருக்கலாமே என்றேன்.

“நீங்க கேட்டீங்களா?” என்றார்.

மைனாவதியை இன்று முதல் காரைவலசுக்கு அனுப்புகிறோம். பேருந்தில் போக ஒன்றேகால் மணி நேரம். பனியன் கம்பெனி வேலை போய்விட்டது. ஏன் ஸ்டேஷன் மாறியது என்று அவள் கேட்டாள். “மாத்திட்டாங்க” என்று அக்கா சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 24, வெள்ளி

அவளிடம் பேசினேன்.

அக்கா என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். “அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து எனக்கு வாய் வராது பிரமிளா. உங்களுக்குத்தான் பேச்சு வருதே.” இது பாராட்டு இல்லை என்று எனக்குப் புரிகிறது.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இடம் மாறிப்போனது, மனு, திங்கள்கிழமை. அனுமதி போய்விட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி. கவரைத் தவிர எல்லாம் சொன்னேன். அவள் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். கனிஷ்காவின் சீருடையை மட்டும் இரண்டு தடவை மடித்தாள்.

“நான் ஒடம்பு சரியில்லன்னு சொன்னா, அக்கா மறுபடி புதங்கெழமை உள்ள போவாங்களா?”

“போவாங்க.”

“உள்ள ருக்மணின்னு ஒரு அக்கா இருக்குதுங்க. ஆறு வருசமா யாருமே பாக்க வரலீங்க. நம்ம பெரியக்கா மட்டுந்தான்.” கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். “பாப்பாவை எங்கிட்ட இருந்து எடுத்துற மாட்டாங்களே?”

“மாட்டாங்க மைனா. திட்டி அனுப்பிடுவாங்க. இதெல்லாம் பர்மிஷன் வர்ற வரைக்கும்தான்.”

“சரிங்க்கா. நீங்க படிச்சவங்க. சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

கீழே வந்து முகம் கழுவினேன். அவளாகச் சம்மதித்தாள், நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தவே இல்லை.

பிப்ரவரி 25, சனி

கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பு வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. குழு கூடி முடிந்ததாம். நல்ல செய்தி வரும் என்கிறார்கள்.

பிப்ரவரி 27, திங்கள்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

மைனாவதி கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். ஏன் போகவில்லை என்று நீதிபதி கேட்டார்.

“ஒடம்பு சரியில்லீங்கய்யா.”

“இத்தனை நாளுமா?”

“ஆமாங்கய்யா.”

“டாக்டர் சீட்டு ஏதாவது இருக்கா?”

சீட்டு வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு இணைப்புகளோடு விண்ணப்பம் எழுதியவள் நான். மைனாவதி திரும்பி எங்களைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பதில் மறந்துபோன பிள்ளை திரும்பிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

நீதிபதி அக்காவை எழுப்பினார். “நீங்கதானே கூட்டிட்டுப் போறதா எழுதிக் குடுத்தீங்க?” அக்கா எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். “அவ... அவளுக்கு முடியலீங்கய்யா” என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

நிபந்தனையை மதிக்காதவருக்கு ஜாமீன் எதற்கு என்று சொல்லி ரத்து செய்துவிட்டார். முழுதாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

காவலர்கள் கூட்டிப் போகும்போது மைனாவதி அழவில்லை. என்னைப் பார்த்து, “பாப்பா நாலு மணிக்கு வந்துருவாளுங்க்கா. பசிச்சிட்டு வருவா. பிஸ்கட்டு டப்பா மேல் தட்டுல இருக்குது” என்றாள்.

நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் நின்றேன். கனிஷ்கா ஓடி வந்து பையைக் கொடுத்தாள். “அம்மா கையெழுத்துப் போடப் போயிருக்காங்களா?”

“ஆமாம்” என்றேன்.

பிப்ரவரி 28, செவ்வாய்

ஜாமீன் ரத்தானது எப்படித் தெரிந்ததோ, காலையிலேயே வந்துவிட்டார்கள். கனிஷ்காவின் அப்பன், அவன் அம்மா, கூட இன்னொருவன். புல்லட் சத்தம் கேட்டதுமே கனிஷ்கா பீரோவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அக்கா வாசலை மறித்து நின்றார். போலீஸுக்குப் போவேன் என்றார். “போங்க” என்றான் அவன். “பெத்த அப்பன் நானு. நீங்க யாருங்க?” இஸ்மாயிலுக்குப் போன் செய்தேன். தகப்பன் கேட்டால் தடுக்க நமக்கு இப்போது எந்த உத்தரவும் இல்லை, குழந்தைகள் நலக் குழுவுக்கு உடனே மனு எழுதலாம், ஆனால் நாள் ஆகும் என்றார். தழும்புகளைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். யார் செய்தது என்று குழந்தை சொன்னாளா என்று கேட்டார். நான் எங்கே கேட்டேன்.

பீரோவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த விரல்களை அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குழந்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 1, புதன்

அக்கா அறையை விட்டு வரவில்லை. குழந்தைகள் நலக் குழுவுக்கான மனுவைத் தட்டச்சு செய்து இஸ்மாயிலிடம் கொடுத்தேன்.

மார்ச் 3, வெள்ளி

அனுமதி வந்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு. ‘தங்கள் நிறுவனத்தின் பொறுப்பான செயல்பாட்டைக் கருத்தில் கொண்டு’ என்று எழுதியிருக்கிறார்கள்.

இயக்குநர் போனில் வாழ்த்தினார். என் நியமன உத்தரவு தயாராகிறதாம். அக்காவிடம் கடிதத்தைக் காட்டினேன். வாங்கிப் படிக்காமல், “வாசப்படிக்கு வெளிய வைங்க” என்றார்.

மார்ச் 8, புதன்

அக்கா சிறைக்குப் போக மாட்டேன் என்றுவிட்டார். அனுமதி வந்த முதல் புதன், யாரும் போகாவிட்டால் நன்றாக இருக்காது. நான் போனேன்.

மகளிர் தினம் என்று உள்ளே கோலப்போட்டி. வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மைனாவதி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். இளைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த வயதான பெண்ணிடம், “ருக்மணிக்கா, இவங்கதான் நான் சொன்ன அக்கா. ரொம்ப நல்லவங்க. உங்க கேஸச் சொல்லுங்க” என்றாள். அந்தப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடி விடவில்லை. அவர் பேசியதை எழுதிக்கொண்டேன், என்ன எழுதினேன் என்று தெரியாமலே.

அவர் நகர்ந்ததும் மைனாவதி கிட்டே வந்தாள்.

“பாப்பா அங்கதானே இருக்குது?”

யார் சொன்னது என்று கேட்டேன். தங்கச்சி சிறையில் சந்திப்பு மனு போட்டுப் பார்க்க வந்தாளாம். எல்லாம் தெரிந்திருந்தும் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள். மன்னித்துவிடு என்றுகூட எனக்கு வாய் வரவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“பர்மிஷன் வந்துருச்சுல்லீங்க்கா? இனி நெசத்தைச் சொல்லிப்போடலாமுங்களா?”

அவள் இத்தனை நாளும் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். அனுமதி வரும்வரை என்று நான் சொன்னதை அப்படியே நம்பி, அது வந்ததும் என்னை உள்ளே அனுப்புவார்கள், நான் வந்து சரியென்று சொல்வேன், பிறகு மகளிடம் போகலாம் என்று. அப்படி ஒரு ஏற்பாடு எங்கேயும் இல்லை. நான் வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

“சொல்லிடலாம்” என்றேன். “ஆர்டர் காப்பி என் பையிலதான் இருந்துச்சு மைனா. முதல் நாளே குடுத்தாங்க. நான் பிரிச்சுக்கூடப் பாக்கலை.”

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோலமாவு ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப எழுதுங்க்கா. நான் கையெழுத்துப் போடறேன்.”

“இதுல நீ போட வேண்டாம். நான்தான் போடணும்.”

மணி அடித்தார்கள். எழுந்தோம். மறுபடி ஜாமீன் கிடைக்குமா, பாப்பா வந்துவிடுவாளா என்று கேட்டாள். தெரியாது, இஸ்மாயில் சாரிடம் இப்போதே போகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். கதவு வரை கூடவே வந்தாள்.

“அடுத்த புதங்கெழமை வாறப்ப பாப்பா போட்டோ ஒண்ணு கொண்டாறீங்களா? பள்ளிக்கூடத்துல எடுத்தது இருக்குது.”

கொண்டுவருகிறேன் என்றேன். நான் எழுதித் தரப்போகிற காகிதம் நீதிமன்றத்துக்குப் போன பிறகு அடுத்த புதன்கிழமை எங்களில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்பதை அவளிடம் சொல்லவில்லை.